குழாயடி டவர்

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவுக்குள் செல்போன் நுழைந்த பிறகுதான் குழாயடிக்கு மவுசு ஏறியது. அதற்கு முன்னால் அது வெறும் முனிசிபாலிட்டிக் குழாய். விடியற்காலை தண்ணீர் வரும், குடத்தோடு குடம் இடிக்கும், சண்டை நடக்கும், தண்ணீர் நின்றதும் ஈரத்தில் நாய் வந்து படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. செல்போன் வந்ததும் நாய்க்கு இடமில்லாமல் போயிற்று. பொழுதன்னைக்கும் யாராவது ஒருத்தர் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு அங்கே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்கத் தேடினாலும் டவர் ஒழுங்காக எடுக்கிற இடம் அது ஒன்றுதான்.

வீடுகளின் வாகு அப்படி. சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டு, முன்னால் ஒரு வாசல், பின்னால் கிணற்றடி, நடுவில் தறி என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கும் ஓட்டு வீடுகள். சுவரோ ஒரு முழக் கனம். ஜன்னலோரம் வைத்தால் போன் மணியடிக்கும். எடுத்துக்கொண்டு உள்ளே போனால் ஊமையாகிவிடும். ஆகையால் மானமோ ஈனமோ, எல்லாரும் குழாயடிக்கு வந்துதான் பேச வேண்டும். தெருக்கோடி கந்தன் மூலத்துக்கு மருந்து கேட்டு டாக்டரோடு பேசியது அடுத்த தெருவரைக்கும் கேட்டது. அப்புறம் ரொம்ப நாளைக்கு அவரைப் பார்த்து ஒருத்தரும் ‘உக்காருங்க’ என்று சொல்லவில்லை, அப்படி ஒரு மரியாதை!

பட்டுத் தெரிந்துகொண்டது தெரு. குழாயடிக்கென்று ஒரு பேச்சு தானாக உருவாயிற்று. நல்லா இருக்குறோம், நீ நல்லா இருக்கியா, அங்க மழையா, சாப்ட்டியா. வயிற்றெரிச்சல், வாய்க்கசப்பு எதுவும் அந்தப் பேச்சில் கலக்காது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தன் வாயைத்தான் மூடிக்கொள்ள வேண்டும்.

குழாய்க்கு நேர் எதிர்வீடு தேவகியின் வீடு. புருஷன் பரசுராமன் தறிக்காரர். மகள் ஏலவார்குழலியை வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்த பிறகு, பெண்ணோடு பேசவென்று யாரோ பழகின செல்போன் செட் ஒன்றை அவர் வாங்கி வந்தார். துணிப்பையில் போட்டுத் தெருப்பக்கத்து ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மணியடித்தால் தேவகி அடுப்பை விட்டு, குளியலை விட்டு, சாப்பாட்டை விட்டுக் குழாயடிக்கு ஓடுவாள்.

சம்பந்தம் பெரிய இடம். அரிசி மில்லு, நெல் காயவைக்கிற களம், டிராக்டர். கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு அன்னம்மாள். ‘தறிக்குழியில காலத் தொங்கப்போட்டுக்கினு கெடக்காம பொண்ணு ராணியாட்டம் இருக்கும்’ என்று அவள் சொன்னதைப் பரசுராமன் கல்யாணமான நாளிலிருந்து தன் வாயால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ராணி ஆடி மாதம் வந்திருந்தபோது முழங்கைக்கு மேல் கன்றிப்போயிருந்தது. கேட்டதற்கு நெல் வேகவைக்கிற தொட்டியில் இடித்துக்கொண்டேன் என்றாள். ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு, கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தாயின் பக்கத்தில் குந்தி, “அவரு கை நீட்டறாரும்மா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான். அழுதால்கூட சத்தம் வராது. கண் மட்டும் ஒழுகும்.

தேவகி அன்றே புருஷனிடம் சொன்னாள். அவர் தறியில் நாடாவைத் தட்டுவதை நிறுத்தாமலே கேட்டார்.

“எந்த ஊட்ல இல்ல? உன்ன நான் ரெண்டு போட்டதில்லியா? நீ இன்னா உங்கம்மா ஊட்டுக்கா ஓடிட்ட?”

“அது வேற இது வேறங்க. கொழந்த ஒடம்புல தெம்பே இல்ல. அனுப்ப வேணாம், இங்கயே வெச்சுக்கலாம்.”

“வெச்சுக்கினு? அன்னம்மாகிட்ட இன்னா சொல்லுவ? கோயில் கமிட்டில என்ன பாத்துச் சிரிப்பானுங்க. த பாரு தேவகி, அது வாழாவெட்டியா வந்து இந்த வாசல்ல நின்னுச்சுன்னா நான் இந்த உத்தரத்துலயே தொங்கிடுவேன். தெரிஞ்சுக்க.”

அவர் தொங்குகிற ஆள் இல்லை என்பது தேவகிக்குத் தெரியும். ஆனாலும் போய் மகளின் பையைக் கட்டினாள். குழலியை அனுப்பிவிட்டு வந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்தடுத்து வந்த போன்களும் சுருங்கிக்கொண்டே போயின. மாமியார் மணியம்மாள் கடைக்கு அனுப்புகிற சமயத்தில் குழலி பெட்டிக்கடை ஒரு ரூபாய் போனிலிருந்து பேசுவாள். “நல்லா இருக்கேம்மா” என்பாள். அப்புறம் மூச்சு மட்டும் கேட்கும். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு தேவகி குழாயடியில் நின்று, “அங்க மழையா?” என்பாள். இப்படி ஒரு தாய், இப்படி ஒரு பேச்சு! தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாள் கணக்கில் விடாத மழை. தறிக்கு இழை நீட்டிப் பாவு போட முடியாமல் தெரு முடங்கிக் கிடந்தது. ஓட்டு இடுக்கில் ஒழுகிய இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்துவிட்டு, அந்தச் சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தேவகி ஒரு முடிவுக்கு வந்தாள். அடுத்த தபா அவள் வாய்திறந்து ஒரு வார்த்தை கேட்டால், வந்துவிடு என்று சொல்லிவிட வேண்டும். புருஷனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தொங்குவதென்றால் தொங்கட்டும்.

மழை விட்டு ஒருநாள் காலையில் பளிச்சென்று வெயில் அடித்தது. அவ்வளவுதான், மழைக்கு உள்ளே கிடந்த பாவெல்லாம் ஒரே நாளில் தெருவுக்கு வந்துவிட்டது. ஒரு வீட்டுப் பாவுக்கு நாலு வீட்டு ஆள் வேண்டும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பட்டு இழைகளை நீட்டி, குறுக்கே மூங்கில் கவைகள் நிறுத்தி, கயிற்றால் இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் முறுகுவதற்குள் அறுந்த இழையைத் தேடி முடிய வேண்டும். முதலில் பரசுராமன் வீட்டுப் பாவு. அவர் கோடியில் நின்று கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பெண்கள். தேவகிக்கு எதிரே அன்னம்மாள்.

“இன்னா தேவகி, கண்ணு உள்ள போயிடுச்சு? மழைக்கு நீ நல்லா தூங்கியிருப்பன்னு பாத்தா?”

“ஒழுகற ஊட்ல எங்கக்கா தூங்கறது?”

“சம்பந்திகிட்ட சொன்னா மாடியே கட்டிக் குடுப்பாங்க. கேக்கறதுதான?”

“மாடி எதுக்குக்கா, இருக்கறது போதும்.”

“இல்லமா, எனக்குத்தான் பெரும. அன்னம்மா பாத்துவெச்ச எடம்னு நாலு பேரு சொல்றாங்க. போன வாரம்கூட முத்தியால்பேட்டக்காரங்க வந்து, அதே மாதிரி எடமா எங்க பொண்ணுக்கும் பாருங்கன்னு கெஞ்சறாங்க. குழலி நல்லா கீதில்ல?”

“அவளுக்கு இன்னாக்கா, நல்லா கீறா.”

“த, உன் முன்னாலயே ஒரு இழை அறுந்து நிக்குது பாரு. எங்க பாத்து முடியற?”

அறுந்த இழையின் நுனியைத் தேடிப் பிடித்துச் சாம்பல் தொட்டு முறுக்கும்போதுதான் ஜன்னலில் போன் அடித்தது. தேவகி பக்கத்தில் நின்றவளிடம் இழையைக் கொடுத்துவிட்டு, கஞ்சிக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடிப் பையிலிருந்து உருவினாள். குழாயடிக்கு வந்து பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

“அம்மா.”

“குழலியா? நல்லா இருக்கியாமா? இங்க எல்லாரும் நல்லா கீறோம். பாவு போட்டுக்கினு இருக்குறோம். நைனா தோ நிக்கிறாரு. அன்னம்மா பெரிம்மா நிக்கிறாங்க.”

“அம்மா, முடியலம்மா. நான் வந்துடட்டுமா?”

கேட்டுவிட்டாள். இத்தனை நாளாகத் தேவகி எதிர்பார்த்த கேள்வி. தெரு அப்படியே நின்றிருந்தது. யாரும் இவளைப் பார்க்கவில்லை; எல்லாருடைய கையும் பாவில்தான் இருந்தது. அதனால்தான் காதெல்லாம் இவள் பக்கம் இருப்பது அவ்வளவு நன்றாகத் தெரிந்தது. கோடியில் பரசுராமன் மட்டும் கயிற்றைப் பிடித்தபடி நேராக இவளையே பார்த்தார்.

“ஒரே ஒரு வார்த்த சொல்லும்மா. வந்துடட்டுமா?”

“இன்னாமா நீ கொழந்தையாட்டம்?” தேவகி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. “அதெல்லாம் இன்னாத்துக்கு? அதான் உன் ஊடு. பெரியவங்க ஒண்ணு சொன்னாங்கன்னா அனுசரிச்சுக்கினு போவணும். புரியுதா?”

தெருவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இனிமேல் மகளுக்குச் சொல்ல வேண்டியது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, “ம், ம்” என்றபடி தெருவைக் கடந்து வாசற்படி ஏறி, தறியைத் தாண்டி, அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“குழலி, அம்மா இப்ப உள்ள வந்துட்டேன். அங்க எல்லாரும் நிக்கிறாங்கடி, அதான் அப்டி சொன்னேன். அத மனசுல வெச்சுக்காத. நீ வந்துடு. இன்னிக்கே வந்துடு. எதையும் எடுக்காத, கட்டின பொடவையோட பஸ் ஏறு. உங்க நைனா இன்னா சொன்னாலும் நான் பாத்துக்கறேன். ரெண்டு பேரும் நாலு ஊட்ல இழை முடிஞ்சாவது கஞ்சி குடிப்போம். அடிபட்டுக்கினு கெடக்காதடி எங்கண்ணு. கேக்குதா?”

அந்தப் பக்கம் சத்தமில்லை. அழுகிறாள் என்று நினைத்தாள். அந்தப் பெண்ணின் அழுகை அப்படித்தானே இருக்கும். தேவகிக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “அழுவாதமா. வெச்சுடு, வெச்சுட்டு கெளம்பு” என்று சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். போனைப் பையில் போட்டாள். பாவில் தன் இடத்துக்குப் போய் நின்றாள்.

“இன்னாவாம் பொண்ணு?” என்றாள் அன்னம்மாள்.

“சும்மாதான்க்கா. தீபாவளிக்கு இன்னா பலகாரம்னு கேக்கறா.”

அன்று மத்தியானம் அவள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். குழலிக்கு உயிர். உள்ளறையில் கிடந்த நூல் மூட்டைகளை ஒதுக்கி, ஒருத்தி படுக்க இடம் பண்ணினாள். வாலாஜாபாத் பஸ்கள் வந்து நிற்கும் நேரத்தையெல்லாம் மனசுக்குள் கணக்குப் பண்ணிப் பண்ணித் தெருமுனையைப் பார்த்தாள். பொழுது சாய்ந்தது. “யாருக்குடி இம்மாங் கொழம்பு?” என்றார் பரசுராமன். “நாளைக்கும் ஆவும்ல” என்றாள். மறுநாளும் குழம்பு இருந்தது, பெண்தான் வரவில்லை. அதற்கு மறுநாள் அது புளித்துப்போயிற்று. போனும் வரவில்லை. பயந்துவிட்டாளோ, சமாதானமாகிவிட்டதோ, வழியில் பிடித்து நிறுத்திவிட்டார்களோ என்று தேவகி பைத்தியம் மாதிரி திரிந்தாள். வாய்விட்டுச் சொல்லவும் ஆளில்லை.

ஒருநாள் பாவுக்குப் பட்டு கொடுக்கிறவர் போன் பண்ணினார். பரசுராமன் தறியில் இருந்தார். தேவகி ஜன்னலிலிருந்து எடுத்து, “தோ குடுக்கறேங்க” என்று சொல்லிக்கொண்டே உள்ளே கொண்டுபோய் அவர் காதில் வைத்தாள். அவர் ரெண்டு தரம் “அல்லோ அல்லோ” என்று கத்தினார்.

“யாருமே இல்லியே.”

“இருந்தாரே, இப்பதான் பேசுனாரு.”

“அறிவு கெட்டவளே, வாசப்படி தாண்டுனா கட்டாயிடும்னு தெரியாது? வெளிய இருந்து கூப்ட்டா நான் வரமாட்டேனா? எல்லாரும் வேல வெட்டி இல்லாமலா அந்தக் கொழாயாண்ட போயி நிக்கறோம்?”

“உள்ள புதுசா வர்ற போனுதான் எடுக்காதுன்னு இருந்தேன். வெளிய பேசிக்கினு இருந்தது கூடவே வராதா?”

“வராது.”

தேவகி அப்படியே தறிமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பாவுதான். தெருவில் நீட்டி, முடிந்து, சுருட்டி உள்ளே கொண்டுவந்தால் இழை அறாமல் கூடவே வரும். வெளியே ஒருதரம் சேர்ந்தது உள்ளே வரும்போது விட்டுப்போகும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? இத்தனை நாளும் மகளோடு பேசியதெல்லாம் குழாயடியில்தான். வாசற்படி தாண்டியது அந்த ஒரே ஒரு நாள்தான்.

அடுப்படியில் சாத்திய கதவுக்குப் பின்னால் தான் கொட்டியதெல்லாம் சுவருக்குச் சொன்னது. பெண் காதில் விழுந்தது என்ன? அனுசரிச்சுக்கினு போவணும், புரியுதா? அது மட்டும்தான் போயிருக்கிறது. சிரிப்போடு சேர்ந்து போயிருக்கிறது. ஐயோ என்றிருந்தது அவளுக்கு. மில்லு வீட்டு போனுக்குப் பண்ணினாள். மணியம்மாள்தான் எடுத்தாள். “குழலி களத்துல வேலையா கீறா, அப்பால பேசச் சொல்றேன்” என்று வைத்துவிட்டாள். அப்பால என்பது வரவேயில்லை.

தீபாவளி வரிசையைச் சாக்காக வைத்துத் தேவகி கிளம்பினாள். அதிரசம், முறுக்கு, பெண்ணுக்கு ஒரு புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி. பரசுராமனுக்குத் தறியில் அவசரம். நல்லதாயிற்று. ஐயம்பேட்டையும் முத்தியால்பேட்டையும் தாண்டிப் பஸ் குலுங்கிக்கொண்டு போக, அவள் மனசுக்குள் ஒரே வார்த்தையைத்தான் உருப்போட்டாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட வேண்டும்.

மணியம்மாள் வாசலிலேயே பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். “வாங்க சம்பந்தி! நானே சொல்லியனுப்பலாம்னு இருந்தேன். உங்க பொண்ணு முழுகாம கீறா. பேரப்புள்ள வரப்போறான். போங்க, பின்னாடி களத்துல கீறா பாருங்க. சும்மா உக்காராது அது, நல்லா வளத்திருக்கீங்க.”

தேவகிக்குச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மில்லுக்குப் பின்னால் பெரிய சிமெண்டுக் களம். அவித்த நெல் ஆவிபறக்கக் கொட்டிக் கிடந்தது. அந்தப் புழுங்கின வாடை தொண்டையைப் பிடித்தது. ஏழெட்டுப் பெண்கள் பலகையால் நெல்லைத் தள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு ஒருத்தியாகக் குழலி நின்றிருந்தாள். தேவகி இடது பக்கமாகப் போய் “குழலி” என்றாள். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும்தான் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“எப்ப வந்தம்மா?”

“கூப்ட்டனேடி.”

“இந்தக் காது கேக்கறதில்ல.” சாதாரணமாகத்தான் சொன்னாள். “பாதி வழி ஓடிப்போயி பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டு வந்தேன்ல, அன்னிக்கு அவரு அறைஞ்சதுல போனது.”

“பஸ் ஸ்டாண்டா?”

“பையோடதான் நின்னேன். பஸ் ஸ்டாண்டு கடையிலர்ந்துதான் உனக்குப் பண்ணேன். வான்னு சொல்லியிருந்தன்னா நேரா ஏறியிருப்பேன்.”

தேவகிக்கு வாய் குழறியது. அவசர அவசரமாகச் சொன்னாள். வாசற்படி தாண்டியது, போன் செத்துப்போனது, அது தெரியாமல் அடுப்படியில் நின்று அழுதது, வந்துடு வந்துடு என்று சொன்னது, கருவாட்டுக் குழம்பு வைத்துக் காத்திருந்தது, எல்லாம். குழலி நல்ல காதை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

“நீ உள்ள போயி எதுனா சொல்லுவன்னுதான் நானும் நெனச்சேன்,” என்றாள். “கட்டானதும் மறுபடி காசு போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியன்னு ஒரு பொம்பள சொல்லிக்கினே இருந்தா. இருந்த காசெல்லாம் போட்டேன். அப்பால பைய எடுத்துக்கினு வந்துட்டேன்.”

“எனக்குத் தெரியாமப் போச்சேடி. சாமி சத்தியமா வந்துடுன்னுதான் சொன்னேன்.”

“செரிம்மா. ஆனா அத கொழாயாண்டயே சொல்லியிருக்கலாம்ல?”

“எல்லாரும் நின்னாங்கடி. அன்னம்மா எதிர்லயே நின்னா. உங்க நைனா பாத்துக்கினே நின்னாரு.”

“ஆமா. நானும் நின்னுக்கினுதான் இருந்தேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவகிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நெல்லிலிருந்து ஆவி எழுந்து இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. இத்தனை தூரம் வந்தது எதற்கு என்று தேவகி நினைத்துக்கொண்டாள். சொல்லிவிட வேண்டியதுதான். இப்போது போன் இல்லை, சுவர் இல்லை, பெண் கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிறாள்.

“இப்ப வந்துடுடி,” என்றாள்.

“இன்னா?” குழலி காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். “சத்தமா சொல்லும்மா. கேக்கல.”

களத்துப் பெண்கள் பலகையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள். மில்லு வாசலில் மணியம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை வசந்த் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான்.

குழலி காத்துக்கொண்டிருந்தாள். தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவகி மில்லு வாசலைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லமா. வேளைக்குச் சாப்டு, ஒடம்ப பாத்துக்கன்னேன்” என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

“செரிம்மா” என்றாள் குழலி. பலகையை எடுத்துக்கொண்டு நெல்லைத் தள்ளப் போனாள்.